பட்டியலான கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்எஸ்இ அல்லது பிஎஸ்இ-யில் பட்டியலான ஒரு கம்பெனியின் செகரட்டேரியல் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சி.எஸ். (கம்பெனி செகரட்டரி படிப்பு) முடித்த கையோடு வந்திருக்கலாம், ஃபைனான்ஸ் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருக்கலாம். கம்பெனியே அண்மையில்தான் ஐபிஓ முடித்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் முதல் வாரத்தில் உங்கள் கைக்கு ஒரு எக்செல் காலண்டர் வரும். எந்தத் தேதிக்குள் எந்தத் தாக்கல் என்று வரிசையாக இருக்கும்.

அந்தக் காலண்டர் தேவைதான். ஆனால் அதில் எழுதியிருப்பதைத் தவறவிடுகிறவர்கள் குறைவு. தேதி முன்கூட்டியே தெரியும், நினைவூட்ட ஆளும் இருக்கும். கம்பெனிகள் மாட்டிக்கொள்வது காலண்டரில் இல்லாதவற்றில்தான். ஆலையில் தீப்பிடிக்கிறது, ஒரு இயக்குநர் ராஜினாமா செய்கிறார், வரித்துறை ஆணை ஒன்று கிளை அலுவலகத்துக்கு வந்து மேசையில் கிடக்கிறது. உங்களுக்குத் தகவல் வரும் முன்பே கெடு ஓடத் தொடங்கியிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் காலண்டரைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மற்றதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தச் சட்டங்களைக் கையில் வைத்துக்கொள்வது

நான்கு போதும். முதலாவது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2015 செப்டம்பரில் அறிவித்து அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த எல்ஓடிஆர் விதிமுறைகள், அதாவது பட்டியலான கம்பெனியின் கடமைகளும் அது வெளியிட வேண்டியவையும் பற்றியவை. அன்றாட வேலையில் பெரும்பகுதி இதற்குள்தான். இரண்டாவது, வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் 2015-இன் உள்வணிகத் தடை விதிமுறைகள். பேச்சில் எல்லோரும் பிஐடி என்பார்கள். மூன்றாவது, பங்குகளைப் பெருமளவில் கையகப்படுத்துவது பற்றிய 2011 விதிமுறைகள். நான்காவது, 2013-இன் கம்பெனிகள் சட்டம்.

இவற்றை அச்சிட்ட புத்தகத்தில் படித்துவிட்டு அதையே நம்பியிருக்காதீர்கள். எல்ஓடிஆர் அடிக்கடி திருத்தப்படுகிறது. 2023 ஜூனில் பெரிய திருத்தம் ஒன்று வந்தது, 2024 மே மாதத்தில் ஒன்று, அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. ஒவ்வொரு தாக்கலுக்கும் முன் செபி இணையதளத்தில் இருக்கும் கடைசியாகத் திருத்தப்பட்ட பிரதியையும், சுற்றறிக்கைகளைத் தொகுத்துத் தரும் மாஸ்டர் சர்க்குலரையும் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். கீழே நான் சொல்லும் நாள் கணக்கையும் அப்படியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை விதிகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. கம்பெனியைப் பற்றிய முக்கியமான செய்தி, நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு கோடி போட்டிருக்கும் ஃபண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சந்தேகம் வரும்போதெல்லாம், இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு முன்னதாகத் தெரிந்திருக்கும், யாருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விதியின் எண் நினைவுக்கு வராவிட்டாலும் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை

முதலில், விதிகள் பின்பற்றப்படுவதற்குப் பொறுப்பான கம்ப்ளையன்ஸ் ஆபீசர் யார் என்று பாருங்கள். அவர் தகுதி பெற்ற கம்பெனி செகரட்டரியாக இருக்க வேண்டும், கம்பெனியின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும், இயக்குநர் குழுவுக்கு ஒரு படிக்கு மேல் கீழே இருக்கக் கூடாது. அந்த இடம் காலியானால் பொதுவாக 3 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும்.

அடுத்து, தாக்கல் செய்யும் இணையதளங்களான என்எஸ்இ-யின் நீப்ஸுக்கும் பிஎஸ்இ-யின் லிஸ்டிங் சென்டருக்கும் யார் யாரிடம் லாகின் இருக்கிறது, பாஸ்வேர்டு மாற்றும் ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எங்கே இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று விசாரியுங்கள். அற்பமாகத் தோன்றும். வேலையை விட்டுப் போனவரின் எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருப்பது, போர்டு (இயக்குநர் குழு) மீட்டிங் முடிந்து அரை மணி நேரக் கெடு ஓடும்போது தெரிய வந்தால் அப்போது அது அற்பமாக இருக்காது. இரண்டு பேரிடமாவது வேலை செய்யும் லாகின் இருக்க வேண்டும்.

அப்புறம், கடந்த எட்டு காலாண்டுகளில் உங்கள் கம்பெனி இரண்டு பங்குச் சந்தைகளுக்கும் (இனிச் சுருக்கமாகச் சந்தை) அனுப்பிய எல்லா அறிவிப்புகளையும் வரிசையாகப் படியுங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதைவிட நல்ல பாடம் இல்லை. கம்பெனி எதை முக்கியம் என்று கருதியது, எதைத் தாமதமாகச் சொன்னது, சந்தை எப்போது விளக்கம் கேட்டது எல்லாம் அதில் இருக்கும்.

காலண்டர், சுருக்கமாக

ஜூன் 30-இல் முடியும் காலாண்டை எடுத்துக்கொள்வோம்.

ஜூலை 21-க்குள் பங்குதாரர் விவரப் பட்டியல். ப்ரொமோட்டர்களிடம் (கம்பெனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள்) எவ்வளவு, பொதுமக்களிடம் எவ்வளவு, எவ்வளவு அடகில் என்பதெல்லாம் இதில் வரும். கணக்கு, பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் ஆர்டிஏ-விடமிருந்து வரும். ஆனால் ப்ரொமோட்டர் குடும்பத்தில் யாரையாவது விட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பொதுமக்கள் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்பதும் இங்கேதான் கண்ணில் படும்.

ஜூலை 30-க்குள் நிர்வாகம் சார்ந்த இன்டிகிரேட்டட் ஃபைலிங். முன்பு தனித்தனியாகப் போன கார்ப்பரேட் கவர்னன்ஸ் அறிக்கையும் முதலீட்டாளர் புகார் விவரமும் 2024 டிசம்பர் காலாண்டிலிருந்து இதற்குள் ஒன்றாகிவிட்டன. பங்கு மூலதனச் சரிபார்ப்புத் தணிக்கை அறிக்கைக்கும் 30 நாள்தான் கெடு.

ஆகஸ்ட் 14-க்குள், அதாவது 45 நாளுக்குள், காலாண்டு முடிவுகள். மார்ச்சில் முடியும் காலாண்டுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கும் சேர்ந்து வருவதால் 60 நாள், மே 30 வரை. ஆண்டு செகரட்டேரியல் கம்ப்ளையன்ஸ் அறிக்கைக்கும் அதே மே 30 தான். அதனால் மே மாதத்தில் விடுமுறை திட்டமிடாதீர்கள்.

என்எஸ்இ எமெர்ஜ், பிஎஸ்இ எஸ்எம்இ தளங்களில் பட்டியலான சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு முடிவுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நிர்வாக விதிகள் பலவற்றிலும் அவற்றுக்குத் தளர்வு உண்டு. ஆனால் முக்கியச் செய்திகளை உடனே சொல்லும் கடமையிலோ, உள்வணிகத் தடையிலோ தளர்வு கிடையாது. இதை மறந்துவிடும் எஸ்எம்இ கம்பெனிகள் நிறைய.

கணக்கு முடிவு நாள்

கணக்கு முடிவுகளை எடுத்துக்கொள்ளும் போர்டு மீட்டிங் பற்றிச் சந்தைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு வேலை நாள் இடைவெளி, அதில் அறிவிக்கும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் முன்னால். டிவிடெண்ட், போனஸ், நிதி திரட்டல் போன்றவை நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றைய வரிசை இப்படிப் போகும். முதலில், கணக்கைப் பார்க்கும் உட்குழுவான ஆடிட் கமிட்டி உட்காரும். அவர்கள் பார்த்துப் பரிந்துரைத்த பிறகு போர்டு. சட்டப்படியான தணிக்கையாளர் லிமிடெட் ரிவ்யூ (முழுத் தணிக்கையாக இல்லாத பரிசீலனை) அறிக்கையில் கையெழுத்திடுவார். அதில் யுடிஐஎன் என்ற தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவுகளில் நிர்வாக இயக்குநர் போன்ற அதிகாரம் பெற்ற ஒருவர் கையெழுத்திடுவார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கூட்டம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதிவையுங்கள். அறிவிப்புக் கடிதத்தின் கடைசி வரியில் அது வரும். முடிந்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் இரண்டு சந்தைகளிலும் பதிவேற்றம் ஆகியிருக்க வேண்டும். கூட்டம் அன்றைய வர்த்தக நேரத்துக்குப் பிறகு முடிந்தால் 3 மணி நேரம் கிடைக்கும். பலர் இப்போது பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு முடிகிற மாதிரி கூட்டம் வைப்பது இதனால்தான். அதில் தப்பில்லை. நிதானமாகச் சரிபார்க்க நேரம் கிடைக்கிறது, சந்தைக்கும் படித்துப் பார்க்க ஓர் இரவு கிடைக்கிறது.

30 நிமிடம் போதாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடைசி நேரத்தில் ஒரு குறிப்பு மாறியிருக்கும், கையெழுத்தான பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும், ஸ்கேன் செய்த கோப்பில் எழுத்தைத் தேட முடியாது, சந்தை அதைத் திருப்பி அனுப்பும். அதனால் கடிதத்தின் வரைவை முதல் நாளே தயார் செய்யுங்கள், எண்கள் வரும் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். பிடிஎஃப் தேடக்கூடியதாக வருகிறதா என்று ஒரு வெற்றுக் கோப்பில் சோதித்துப் பாருங்கள். கணினி படிக்கும் வடிவிலான எக்ஸ்பிஆர்எல் கோப்புக்கு 24 மணி நேரம் இருக்கிறது, அதில் அவசரப்பட வேண்டாம். ஆனால் பிடிஎஃப்-இல் லட்சத்திலும் எக்ஸ்பிஆர்எல்-இல் கோடியிலும் எண்கள் போகாமல் பாருங்கள்.

கூட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் பத்திரிகை விளம்பரம். ஆங்கில நாளிதழ் ஒன்றிலும், பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழியில் வரும் நாளிதழ் ஒன்றிலும். கோயம்புத்தூரில் பதிவு அலுவலகம் என்றால் தமிழ் நாளிதழ். முழு முடிவுகள் இருக்கும் இணையப் பக்கத்தின் க்யூஆர் குறியீடு அதில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் உங்கள் கைப்பேசியில் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

பங்கு ஆய்வாளர்களோடு அனலிஸ்ட் கூட்டம் வைத்தால் அதற்கும் இரண்டு வேலை நாள் முன்னறிவிப்பு உண்டு. அதன் ஒலிப்பதிவு அடுத்த வர்த்தக நாள் தொடங்கும் முன் அல்லது 24 மணி நேரத்துக்குள், எது முந்தியதோ அதற்குள் வெளிவர வேண்டும். எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளுக்குள். எம்.டி. உற்சாகத்தில், அறிவிப்பில் இல்லாத ஆர்டர் ஒன்றைப் பற்றிப் பேசிவிடுவது இந்தக் கூட்டங்களில்தான் நடக்கும். நீங்களும் லைனில் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள்.

விதி 30: எது முக்கியம், எப்போது சொல்வது

எல்ஓடிஆர்-இன் உயிர்நாடி விதி 30. அதோடு மூன்றாவது அட்டவணையின் ‘ஏ’ பகுதியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நிகழ்வுகளை அது இரண்டாகப் பிரிக்கிறது.

பாரா ஏ-யில் இருப்பவை எப்படியிருந்தாலும் சொல்லியாக வேண்டியவை. ஒரு கம்பெனியை வாங்குவது, கடன் தர மதிப்பீடு மாறுவது, இயக்குநர், முக்கிய நிர்வாகிகள், தணிக்கையாளர் ஆகியோரின் நியமனமும் விலகலும், ப்ரொமோட்டர் அல்லது நிர்வாகி செய்த மோசடி, கடன் தவணை தவறுவது போன்றவை. பெரும்பாலானவற்றில் "எங்களுக்கு இது சின்ன விஷயம்" என்ற வாதத்துக்கு இடமில்லை. வாங்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் அட்டவணையே ஓர் அளவைச் சொல்லியிருக்கும்.

பாரா பி-யில் இருப்பவை அளவைப் பொறுத்தவை. பெரிய ஆர்டர் கிடைப்பது, ஆலை நின்றுபோவது, வழக்குகள் போன்றவை. இதற்கு எண்ணிக்கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், கடந்த மூன்று ஆண்டு லாப நஷ்டச் சராசரியில் 5 சதவீதம். மூன்றில் எது குறைவோ அதுதான் எல்லை.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்றுமுதல் 400 கோடி, அதில் 2 சதவீதம் 8 கோடி. நிகர மதிப்பு 150 கோடி, அதில் 2 சதவீதம் 3 கோடி. மூன்று ஆண்டுகளில் 12 கோடி லாபம், 3 கோடி நஷ்டம், 15 கோடி லாபம். நஷ்டத்தைக் கழிக்கக் கூடாது, குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். 12, 3, 15 சேர்ந்து 30, சராசரி 10 கோடி, அதில் 5 சதவீதம் 50 லட்சம். ஆக 400 கோடி வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு எல்லை வெறும் 50 லட்சம். ஆலை மேலாளருக்கு அது அன்றாடத் தொகையாகத் தெரியலாம். ஆண்டுக் கணக்கு ஒப்புதலானதும் இந்த எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு, கம்பெனியில் எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் ஒரே வரியில் அனுப்பிவிடுங்கள்.

நேரக் கணக்கு மூன்று வகை. போர்டு எடுத்த முடிவு என்றால் மேலே சொன்ன 30 நிமிடம். போர்டில் இல்லாமல் கம்பெனிக்குள்ளிருந்தே எழும் நிகழ்வு என்றால் 12 மணி நேரம். வெளியிலிருந்து வருவது என்றால் 24 மணி நேரம். ராஜினாமாக்கள் 24 மணி நேர வகை. கூடவே ராஜினாமாக் கடிதத்தையும் பிறகு வெளியிட வேண்டியிருக்கும். தணிக்கையாளர் நடுவில் விலகினால் அவர் எழுதிய காரணத்தை அப்படியே வெளியிட வேண்டும். கம்பெனிக்கு அது சங்கடமாக இருந்தாலும் மென்மையாக்கி எழுதக் கூடாது.

சரி, இந்த நேரம் எப்போது தொடங்குகிறது? இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. போர்டு ஒப்புதல் தேவைப்படும் விஷயம் என்றால் ஒப்புதல் கிடைத்த நேரத்திலிருந்து. பேச்சுவார்த்தை நடக்கும்போதே சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றில், கம்பெனிக்குத் தெரிய வந்த நேரத்திலிருந்து. கம்பெனிக்குத் தெரிவது என்றால் கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்குத் தெரிவது என்று பொருளில்லை. கம்பெனியின் அதிகாரி ஒருவருக்கு வேலையின் போக்கில் தெரிந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், அதுவே போதும். ப்ரொமோட்டருக்குத் தெரிந்தாலும் கணக்குத்தான்.

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆலையில் தீப்பிடித்தது, ஆலைத் தலைவர் 11.20-க்கு அங்கே போய்விட்டார், உங்களுக்குத் திங்கட்கிழமை காலைதான் தெரிந்தது என்றால், 24 மணி நேரம் ஞாயிறு இரவே முடிந்துவிட்டது. விடுமுறை என்பதற்குச் சலுகை இல்லை. அப்படித் தாமதமானால் அறிவிப்பிலேயே தாமதத்துக்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

எழுதும் விதத்தையும் பாருங்கள். "எதிர்பாராத காரணங்களால் ஒரு பிரிவில் உற்பத்தி தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி அனுப்பினால் சந்தையிலிருந்து மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எந்த ஆலை, எப்போது, உற்பத்தி எவ்வளவு நிற்கிறது, சேத மதிப்பு எவ்வளவு இருக்கும், காப்பீடு இருக்கிறதா, ஊழியர்கள் பத்திரமாக இருக்கிறார்களா, எப்போது மறுபடி ஓடும் என்று எதிர்பார்க்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை மதிப்பிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள், தெரிய வந்ததும் அடுத்த அறிவிப்பைப் போடுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று செபியின் மாஸ்டர் சர்க்குலரில் பட்டியலே இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அபராத ஆணைகளில் கவனம் வேண்டும். துறைசார் ஒழுங்காற்று அமைப்போ அமலாக்க அமைப்போ போட்ட அபராதம் 1 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், மற்ற அதிகாரிகள் போட்டது 10 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி ஆணைகள் போர்ட்டலில் வந்து கிடக்கும், கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் மட்டும்தான் பார்ப்பார். அந்த ஒருவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

வதந்தி வந்தால்

சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் இருக்கும் கம்பெனிகள், ஊடகத்தில் வரும் குறிப்பான செய்தியால் பங்கு விலை கணிசமாக நகர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூன் 1-இலும் அடுத்த 150-க்கு டிசம்பர் 1-இலும் இது தொடங்கியது. சிறிய கம்பெனி என்றால் சந்தை கேட்கும்போது பதில் சொன்னால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் செய்தி உண்மையாக இருந்து, உள்ளே அது ரகசியமாக இருக்க வேண்டிய நிலையில் வெளியே கசிந்துவிட்டால், கம்பெனி சும்மா இருக்க முடியாது.

2020 மார்ச்சில், ஜியோவில் ஃபேஸ்புக் முதலீடு செய்யப் போகிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் செய்தி வந்தது. ரிலையன்ஸ் அதிகாரபூர்வமாக அறிவித்தது ஏப்ரல் 22-இல். இடையில் உடனடி விளக்கம் தரவில்லை என்று செபி 2022 ஜூனில் கம்பெனிக்கும் அதன் இரண்டு கம்ப்ளையன்ஸ் ஆபீசர்களுக்கும் சேர்த்து 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தனிநபர்கள் பெயரிலும் ஆணை வந்ததைக் கவனியுங்கள். இந்த வேலையில் கையெழுத்துப் போடுகிறவருக்குச் சொந்தப் பொறுப்பும் உண்டு.

செய்தி உங்களை வந்தடைய வழி செய்யுங்கள்

மேலே சொன்ன எல்லாக் கெடுவும், செய்தி உங்களிடம் வந்தால்தான் பயன்படும். என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான்.

எது முக்கிய நிகழ்வு என்று முடிவு செய்யும் அதிகாரத்தைப் போர்டு ஒன்றிரண்டு முக்கிய நிர்வாகிகளுக்குக் கொடுத்திருக்கும். அவர்கள் யார் என்பது சந்தைக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்குச் செய்தி எப்படி வர வேண்டும் என்று கம்பெனியின் கொள்கையில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் கொள்கை ஆவணத்தை ஆலையில் யாரும் படிப்பதில்லை.

அதனால் நேரில் போங்கள். ஒவ்வொரு ஆலையிலும் ஒரு ஆளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஆர்., லீகல், டாக்ஸ், ட்ரெஷரி, சேல்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். அவர்களிடம் சட்டம் பேச வேண்டாம். ஒரு பக்கத்தில் தாய்மொழியில் எழுதிக்கொடுங்கள்: இவை நடந்தால், இந்த எண்ணுக்கு, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். விபத்து, வேலைநிறுத்தம், ரெய்டு, கோர்ட் நோட்டீஸ், அபராத ஆணை, பெரிய வாடிக்கையாளர் விலகுவது, இந்த எல்லைக்கு மேல் ஆர்டர். சந்தேகமாக இருந்தாலும் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட்ட பிறகு, இதற்கெல்லாமா என்று ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் கூப்பிட மாட்டார்.

துணை நிறுவனங்களை மறந்துவிடாதீர்கள். அங்கே நடப்பது தாய்க் கம்பெனிக்கு முக்கியம் என்றால் அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெளியிடாத தகவலைக் காப்பது

இன்னும் வெளிவராத, வெளிவந்தால் விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை யுபிஎஸ்ஐ என்பார்கள். அது யார் யாரிடம் போனது என்று ஒரு டிஜிட்டல் பதிவேடு வைக்க வேண்டும். பெயர், பான் எண், என்ன தகவல், எந்த நேரம். பதிவேடு கம்பெனிக்குள்ளேயே இருக்க வேண்டும், நேர முத்திரை இருக்க வேண்டும், பின்னால் போய் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும், எட்டு ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும். எக்செல் கோப்பு இதற்கு ஆகாது.

பதிவேட்டில் விடுபடுவது எப்போதும் வெளி ஆட்கள்தான். தணிக்கை நிறுவனத்தின் உதவியாளர், மதிப்பீட்டாளர், வங்கி அதிகாரி, விளம்பரத்தை வடிவமைக்கும் ஏஜென்சி. வரைவு முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பும் முன் பதிவேட்டில் ஏற்றுவதை ஒரு பழக்கமாக்குங்கள். வாட்ஸாப்பில் வரைவு அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் காலாண்டு எண்கள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸாப் குழுக்களில் சுற்றியதை 2017-இல் செபி விசாரிக்க வேண்டி வந்தது.

காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியான 48 மணி நேரம் வரை ட்ரேடிங் விண்டோ மூடியிருக்கும். குறித்த பட்டியலில் இருக்கும் ஊழியர்களும் அவர்கள் நெருங்கிய குடும்பத்தாரும் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. திறந்திருக்கும்போதும், நிர்ணயித்த அளவுக்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும். வாங்கினால் ஆறு மாதத்துக்குள் விற்கக் கூடாது, விற்றால் ஆறு மாதத்துக்குள் வாங்கக் கூடாது. ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வர்த்தகம் போனால் அவர் இரண்டு வர்த்தக நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், கம்பெனி அடுத்த இரண்டு வர்த்தக நாளுக்குள் சந்தைக்குச் சொல்ல வேண்டும்; டெபாசிட்டரி வழியே தகவல் தானாகப் போகும் முறைக்கு மாறிய கம்பெனிகளில் மட்டும் இதைத் தனியாகத் தாக்கல் செய்வது 2021-இலிருந்து கட்டாயமில்லை.

இதில் மாட்டுகிறவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கணவர் அக்கவுண்ட்ஸில் இருப்பார், மனைவியின் டீமேட் கணக்கை மைத்துனர் பார்த்துக்கொள்வார், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 200 பங்கை விற்றிருப்பார்கள். ஆனால் உள்வணிகம் என்று நிரூபணமானால் அபராதம் குறைந்தது 10 லட்சம், அதிகபட்சம் 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. ஒரு ஊழியரின் வாழ்நாள் சேமிப்பே போய்விடும். விண்டோ மூடும் ஒவ்வொரு முறையும் அனுப்பும் மின்னஞ்சலில், மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் கணக்குகளும் இதில் அடங்கும் என்று எளிய தமிழிலும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

போர்டு அமைப்பில் சத்தமில்லாமல் வரும் மீறல்கள்

தலைவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அல்லது ப்ரொமோட்டர் என்றால் போர்டில் பாதிப்பேர் சுயேச்சை இயக்குநர்கள் (கம்பெனியோடும் ப்ரொமோட்டரோடும் வேறு தொடர்பு இல்லாதவர்கள்), இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு. பெண் இயக்குநர் ஒருவராவது வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளில் அவர் சுயேச்சை இயக்குநராகவே இருக்க வேண்டும். ஆண்டுக்கு நாலு கூட்டமாவது நடக்க வேண்டும், இரண்டுக்கு நடுவில் 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆடிட் கமிட்டிக்கும் அதே 120 நாள்.

இவையெல்லாம் ஒரு நாளில் கெடும். ஒரு சுயேச்சை இயக்குநரின் இரண்டாவது ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிகிறது, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர் ஒருவருக்கு 75 வயது ஆகிறது, அவருக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். புதிதாகச் சேர்த்த இயக்குநருக்கு மூன்று மாதத்துக்குள், அல்லது அடுத்த பொதுக்கூட்டத்தில், எது முந்தியதோ அதற்குள் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும்; ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு இயக்குநருக்கும் பிறந்த தேதி, பதவிக்காலம் முடியும் தேதி இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு வருடம் முன்னதாகவே நினைவூட்டல் வைத்துவிடுங்கள். தகுதியான சுயேச்சை இயக்குநரைத் தேட ஆறு மாதம் ஆகும்.

பங்குதாரர் பக்கம்

செபியின் முதலீட்டாளர் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் வரும் புகாருக்கு 21 நாளுக்குள் தீர்வு கொடுத்துப் பதிலேற்ற வேண்டும். பெரும்பாலும் வராத டிவிடெண்ட், இறந்துபோன தந்தையின் பழைய காகிதப் பங்கு போன்றவைதான் வரும். ஆர்டிஏ அனுப்பும் வார்ப்புப் பதிலை அப்படியே ஏற்றாமல், எந்த ஆவணம் குறைகிறது என்று குறிப்பாக எழுதுங்கள். முடிந்தால் ஒரு தடவை போனில் பேசுங்கள். வயதானவர்கள் அதிகம், ஐந்து நிமிடம் பேசினால் ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.

டிவிடெண்ட் போன்றவை யார் யாருக்கு என்று முடிவு செய்யும் ரெக்கார்ட் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்னறிவிப்பு. பொதுக்கூட்ட வாக்கு முடிவுகள் இரண்டு வேலை நாளுக்குள். ஆண்டறிக்கை பங்குதாரர்களுக்கு அனுப்பத் தொடங்கும் நாளுக்குப் பிந்தாமல் சந்தைக்கும் போக வேண்டும். இணையதளத்தில் ஏதாவது மாறினால் இரண்டு வேலை நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

கெடு தவறிவிட்டால்

முதலில் தாக்கலை முடியுங்கள். காரணம் எழுதுவது, விவாதிப்பது எல்லாம் பிறகு. கணக்கு முடிவுகளில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பங்குதாரர் பட்டியலுக்கு நாளொன்றுக்கு 2,000, போர்டு அமைப்புக் குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு 5,000, முன்னறிவிப்பு தவறினால் ஒவ்வொரு முறைக்கும் 10,000 என்று அபராதம் ஓடும், ஜிஎஸ்டி தனி. இரண்டு சந்தைகளிலும் பட்டியலாகியிருந்தால் இரண்டிடமிருந்தும் கடிதம் வரும்.

தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். கட்டாமல் போனால் ப்ரொமோட்டர்களின் டீமேட் கணக்கு முடக்கப்படும். முக்கியமான விதிகளில் தொடர்ந்து இரண்டு முறை தவறினால் பங்கு, விதி தவறிய கம்பெனிகளுக்கான ‘இசட்’ வகைக்குப் போகும், அதற்கும் மேல் வர்த்தகமே நிறுத்தப்படலாம். அப்போது தண்டனை அனுபவிப்பது, எந்தத் தப்பும் செய்யாமல் பங்கை விற்க முடியாமல் நிற்கும் சிறு முதலீட்டாளர்.

அபராதம் தவறாக விதிக்கப்பட்டது என்று தோன்றினால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தாக்கல் செய்த ஒப்புகைச் சீட்டையும் நேர முத்திரையையும் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு தாக்கலின் ஒப்புகையையும் அன்றன்றே தனிக் கோப்புறையில் போட்டு வைப்பது இதற்காகத்தான். தவறு உங்கள் பக்கம் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு, சந்தையின் கடிதத்தை அடுத்த போர்டு மீட்டிங்கில் வையுங்கள். போர்டு அதைப் பற்றி என்ன சொன்னது என்பதையும் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குறிப்பில், இனி எந்தத் தாக்கலை யார் எந்தத் தேதியில் தயார் செய்வார், அவர் இல்லையென்றால் யார் என்று பதவிப் பெயரோடு எழுதிக் கொண்டுபோங்கள். இயக்குநர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.